அர்ஜெண்ட்

மகள் வயிற்றுப் பேத்தி திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். போன மாசியில் ஒருநாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐரோப்பாவிலிருந்து பையர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறாராம். நூல் வந்து இறங்கியதிலிருந்து டீ-ஷர்ட்டாகிக் கப்பலேறும் வரைக்கும் சரக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வண்டியில் ஓடியது, வண்டிக்கு என்ன எரிபொருள் என்று கட்டம் கட்டமாகக் கேள்வி.

"அப்புச்சி, நீங்கதான நாப்பத்திநாலு வருசம் டெலிவரி பாத்தீங்க. நிட்டிங்ல இருந்து சாயத்துக்கு எத்தனை கிலோமீட்டர்னு போடட்டும்?"

"எந்த நிட்டிங், எந்தப் பட்டறை, எந்த வருசம் கண்ணு?"

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வண்டி வகை என்று போட்டிருந்த கட்டத்தை அழுத்தினால் லாரி, ரயில், கப்பல், விமானம் என்று வரிசையாக இறங்கியது. மாடு இல்லை. மனுசன் கால் இல்லை. இந்த ஊர்த் துணியை வெகுகாலம் இழுத்தது அவை இரண்டும்தான். படிவத்தில் இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நெருப்பெரிச்சல் என்றால் வெளியூர்க்காரர்கள் ஒருமுறைக்கு இருமுறை கேட்பார்கள், பேரே அப்படித்தானா என்று. அப்படித்தான். பேருக்குக் காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து வடக்கே ஆறேழு கிலோமீட்டர். 2011இல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அதற்கு முன் ஊராட்சி. நான் பிறந்த 1955இல் சோளமும் கடலையும் பருத்தியும் விளைந்த மேட்டாங்காடு, நடுநடுவே கிணறு.

எங்கள் அய்யனிடம் இரண்டு ஜோடி காங்கேயம் மாடுகள் இருந்தன. ஒரு ஜோடி ஏருக்கும் வண்டிக்கும். இன்னொரு ஜோடிக்குக் காலையும் மாலையும் கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கிற வேலை. முன்னால் போய்ப் பின்னால் வந்து, முன்னால் போய்ப் பின்னால் வந்து, ஆயுசு முழுக்க ஒரே சரிவில் நடந்த மாடுகள் அவை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932இல். கோவை மில்கள் அந்தக் கரண்டில்தான் பெருகின. எங்கள் கிணற்றுக்கு அது வந்துசேர இன்னும் முப்பது வருசம் ஆனது. மோட்டார் போட்ட அன்றைக்குக் கவலை மாடுகளுக்கு வேலை போனது. அய்யன் அவற்றை விற்க மனசு வராமல், டயர் வண்டி ஒன்று வாங்கி வாடகைக்குப் பூட்டினார். மின்சாரம் வந்து கிணற்றடி மாட்டை ரோட்டுக்கு அனுப்பியது. எங்கள் வீட்டில் போக்குவரத்துத் தொழில் தொடங்கியது இப்படித்தான்.

வண்டிக்கு வேலை ஸ்டேஷன் குட்ஷெட்டில். மதராஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை 1862இலேயே முடிந்துவிட்டது. திருப்பூர் அந்தப் பாதையில் இருந்ததால்தான் பருத்திச் சந்தையும் ஜின்னிங் பேக்டரியும் இங்கே வந்தன, கதர் வந்தது, அப்புறம் பனியன் வந்தது என்பது என் எண்ணம். தூரத்தை நிலக்கரி எஞ்சின் பார்த்துக்கொண்டது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வருகிற கடைசி நாலு மைலுக்கு மாடு. பஞ்சுப் பேல், நூல் மூட்டை, திரும்பும்போது பனியன் கட்டு. டயர் வண்டியில் ஒரு டன் வரைக்கும் ஏற்றுவார்கள். மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட பழைய பாரவண்டியோடு பார்த்தால் டயர் வண்டி மாட்டுக்குப் பெரிய விமோசனம் என்பார் அய்யன். எரிபொருள், சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் கடலைப் புண்ணாக்கும். எல்லாம் அதே காட்டில் விளைந்தவை.

இதைச் சொன்னதும் பேத்தி, "அப்போ ஜீரோ கார்பனா அப்புச்சி?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "மாடு ஏப்பம் விட்டா மீத்தேன் வருமே" என்று கெடுத்தாள். வரட்டும். அதைவிட எனக்கு நினைவில் நிற்பது எங்கள் வண்டி மாடு செவலையின் கழுத்து. நுகத்தடி தேய்ந்து தேய்ந்து காய்த்துப்போய், மழை நாளில் அது வெடித்துப் புண்ணாகும். ஈ மொய்க்கும். ஆத்தா வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவாள். மறுநாள் விடியலில் அதே கழுத்தில் அதே நுகத்தடி. அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று யாராவது மேடையில் பேசினால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

எண்ணெய் இல்லாமல் மோட்டார் வண்டி ஓடிய காலமும் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் விறகுக்கரியைப் போட்டுக் கனற்றி, வருகிற வாயுவை எஞ்சினுக்கு விட்டு ஓட்டினார்கள். கரி பஸ். அய்யன் அதில் போயிருக்கிறார். கிளீனர் பையன் காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிக் கரியை ஊதவேண்டும். பஸ் கிளம்ப அரை மணி, முக்கால் மணி ஆகும். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும். அய்யன் சொல்வார், "டிக்கெட்டு எடுத்தவனும் நடந்தான், எடுக்காதவனும் நடந்தான்." போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் அந்த உருளைகளை ஒரு மனுசன் சீந்தவில்லை.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். மாட்டுக்கு இளைப்பாற நேரம் வேண்டும். கரி பஸ்ஸுக்குக் கனல நேரம் வேண்டும். சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். பெட்ரோலும் டீசலும் மட்டும்தான் ஆளைக் காக்க வைக்காதவை. ஊற்று, முறுக்கு, போ. திருப்பூர் எண்ணெய்க்கு மாறியது தூரத்துக்காக இல்லை, அவசரத்துக்காக என்று நான் நினைக்கிறேன். அந்த அவசரம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் மாட்டு வண்டியின் கடைசிப் பெரிய பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1970 ஜூன் 19. விவசாய மின்சாரத்துக்கு யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்துப் போராட்டம். பக்கத்துப் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். எனக்குப் பதினைந்து வயசு. அன்று சாயங்காலம் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. இரண்டு வருசம் கழித்து, 1972இல், நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கட்டை வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய்க் கோயமுத்தூர் வீதிகளை அடைத்தார்கள். எங்கள் வண்டியும் போனது. போக இரண்டு நாள். கரண்டு வந்து கிணற்றிலிருந்து விடுபட்ட மாடு, கரண்டுக்காக நடந்தது. திரும்பி வந்த செவலைக்கு ஒரு கால் சரியாகவே இல்லை.

நான் அதற்கு முந்தின வருசமே பனியன் கம்பெனியில் டெலிவரிப் பையனாகச் சேர்ந்துவிட்டேன். கம்பெனி என்றால் ஓட்டுக் கட்டடம், தையலுக்கு ஒரு பவர் டேபிள், கட்டிங் மேசை. வெள்ளை பனியன்தான். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் பார்சலில் போகும். அப்போதும் இப்போதும் திருப்பூரில் ஒரே கூரைக்குக் கீழே பனியன் உருவாவது அபூர்வம். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சலவை ஒரு இடம், காலண்டரிங் ஒரு இடம், தைப்பது ஒரு இடம். ஊரே ஒரு பேக்டரி. ரோடுதான் அதற்குள் ஓடுகிற பெல்ட். அந்த பெல்ட்டை அன்றைக்கு ஓட்டியது மூணு சக்கர சைக்கிள்காரர்கள். முன்னால் மரப்பெட்டி, அதில் துணிக் கட்டு நெற்றி உயரத்துக்கு. ரயில்வே மேம்பாலம் ஏற்றத்தில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். நானும் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறேன். உச்சியில் ஒரு நிமிசம் நிற்பார்கள். அந்த ஒரு நிமிசத்தை முதலாளி கூடக் கேள்வி கேட்டதில்லை.

1978இல் வெரோனா என்கிற இத்தாலிய வியாபாரி வந்ததிலிருந்து ஏற்றுமதி தொடங்கியது என்று திருப்பூரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஆளைத் தெரியாது. ஆனால் அவர் பின்னால் வந்த காகிதத்தைத் தெரியும். பணத்துக்கு உத்தரவாதமாக பேங்கிலிருந்து வருகிற எல்.சி. அதில் ஒரு வரி: சரக்கு ஏற்றவேண்டிய கடைசித் தேதி. அந்தத் தேதி தாண்டினால் பணம் நிற்கும். கல்கத்தா வியாபாரிக்கு இரண்டு நாள் முன்னப் பின்ன ஆனால் ஒரு தந்தியில் சமாளிப்போம். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு வெயில் காலம் எப்போது வருமோ அப்போது சட்டை கடையில் தொங்கவேண்டும். அதுவரை டெலிவரி சலானில் சரக்கின் பேரும் எடையும் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் சலானின் தலையில் சிவப்பு மையால் இன்னொரு சொல் எழுதச் சொன்னார்கள்: அர்ஜெண்ட். கொஞ்ச நாளில் அது இல்லாத சலானே கிடையாது. அப்புறம் எல்லாமே அர்ஜெண்ட் ஆனதால், உண்மையான அவசரத்துக்கு 'டாப் அர்ஜெண்ட்' என்று எழுதினோம்.

மூணு சக்கரம் ஒழிந்தது அதனால்தான். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு துணி ரோல், பின்னால் இரண்டு, மடியில் நூல் கோன் பை. ஓட்டுகிறவன் தலை மட்டும் தெரியும். பத்து நிமிசத்தில் அனுப்பர்பாளையம், இருபது நிமிசத்தில் வீரபாண்டி. அப்புறம் மினிடோர். 2005இல் டாடா ஏஸ் வந்ததும் எல்லோரும் அதைக் குட்டி யானை என்றார்கள். வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை நின்றால் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தார்கள்.

பேத்திக்காகப் பழைய வழித்தடம் ஒன்றை மனசில் ஓட்டிப் பார்த்தேன். பூலுவபட்டியில் நிட்டிங். அங்கிருந்து வீரபாண்டி சாயப்பட்டறை. அங்கிருந்து, பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையம், அங்கே காம்பாக்டிங். நெருப்பெரிச்சலுக்கு வந்து கட்டிங். வெட்டின பீஸ் காந்தி நகருக்குப் போய் பிரிண்டிங். போயம்பாளையத்தில் தையல். திரும்பி வந்து செக்கிங், அயர்னிங், பேக்கிங். முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே. ஷேடு சரியில்லை என்று பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் அது தனி. பாதி நேரம் வண்டி காலியாகத் திரும்பும். காலி வண்டிக்கும் டீசல் உண்டு.

2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயத்தண்ணீரை விட்டு நொய்யல் ஆற்றை நாங்கள் செய்த கோலத்துக்கு அது தாமதமாக வந்த நியாயம், மறுக்கமாட்டேன். ஆனால் துணி நின்றுவிடவில்லை. வெளியூர்ப் பட்டறைகளைத் தேடி லாரியேறியது. நாற்பது கிலோமீட்டர் ஓடின துணி நூற்றுக்கணக்கில் ஓடியது. பட்டறைகள் திரும்பத் திறந்தபோது, சாயத்தண்ணீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் காய்ச்சி வற்றவைக்க பாய்லருக்கு விறகு லாரி வரிசையில் நின்றது. அந்தச் சமயத்தில் கரண்ட் கட் வேறு. கம்பெனிக்கு ஒரு ஜெனரேட்டர், தெருவெல்லாம் டீசல் புகை. அந்த இரண்டு மூன்று வருசம் ஊர்ப்பேரைக் கேட்டு வெளியூர்க்காரர் யாரும் சிரிக்கவில்லை.

விமானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், அதுதான் படிவத்தில் பேத்தியை அழவைத்த கட்டம். 1990களில் நான் வேலை பார்த்த கம்பெனியில் நடந்தது. ஒரு கரும்பச்சை, மூன்று முறை சாயம் போட்டும் பையர் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை. பத்து நாள் போய்விட்டது. கப்பலில் போனால் தேதி தாண்டும். முதலாளி இரவு பதினொரு மணிக்குச் சட்டைப் பையில் கைவிட்டபடி நின்று, "ஏர் போடுங்கப்பா" என்றார். பெட்டிகளை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு விட்டோம். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும், அதற்கு முந்தின ஆர்டரின் லாபத்தில் பாதியும் விமானக் கூலிக்குப் போனது. 'ஏர் போட்டான்' என்றால் திருப்பூரில் ஒருவன் நொடித்தான் என்று பாதி அர்த்தம். புகையைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. இப்போது பேத்தியின் கணக்கு சொல்கிறது: அதே ஒரு பெட்டி, கப்பலில் போவதைவிட விமானத்தில் போனால் பல பத்து மடங்கு கரி. தூத்துக்குடிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரி, அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஐரோப்பா என்று வாரக்கணக்கில் மிதக்கிற பெட்டியின் மொத்தக் கணக்கையும் ஒரு ராத்திரி விமானம் தின்றுவிடுகிறது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபோது அவை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. வாரக்கணக்கில் தாமதம். கப்பலுக்குக் கூடுதல் எண்ணெய், அதற்கும் பொறுக்காதவர்களுக்கு விமானம். ஊருக்குள் எத்தனை குட்டி யானையைப் பேட்டரிக்கு மாற்றினாலும், தேதியை ஒரு வாரம் தள்ளிவைக்கிற பையர் ஒருவர் செய்கிற உபகாரத்துக்கு ஈடாகாது. இதைப் படிவத்தில் எழுதச் சொன்னேன். 'ரிமார்க்ஸ்' கட்டத்தில் இருநூறு எழுத்துக்கு மேல் ஏறாதாம்.

காற்றாலையைச் சொல்லாமல் விட்டால் திருப்பூர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் தொடங்கி ஆவணி தாண்டியும் அடிக்கிற காற்று இந்தப் பக்கத்துக்குப் பழைய சொத்து. தொண்ணூறுகளில் பல்லடம், கேத்தனூர், உடுமலைப் பக்கம் காற்றாடிகள் முளைத்தன. தேய்மானக் கழிவு காட்டி வருமான வரியை மிச்சம் பண்ணலாம் என்றுதான் பாதிப்பேர் நட்டார்கள், பூமியைக் காப்பாற்ற இல்லை. நல்ல காரியம் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன. அங்கே சுற்றுகிற காற்றாடியின் யூனிட் கிரிட்டில் ஏறும், இங்கே கம்பெனி பில்லில் கழியும். ஆடியில் மிஞ்சினதை வரவு வைத்து மார்கழியில் எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. பின்னலாடை மெஷின் காற்றில் ஓடுகிறது என்று சொன்னால் காகிதத்தில் அது உண்மை. ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்கிற வண்டி டீசல். காற்றாடி இறக்கையே டீசலில்தான் வந்தது. ஒருமுறை தாராபுரம் ரோட்டில் பார்த்தேன், அறுபது எழுபது சக்கர லாரி, அதன்மேல் பனைமரத்தை இரண்டு மடங்கு நீட்டினாற்போல வெள்ளை இறக்கை. முக்கில் திரும்ப முடியாமல் ஒன்றரை மணி நேரம் நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை.

கேட்டுக்கு வெளியேயும் இப்போதுதான் கொஞ்சம் மாறுகிறது. எங்கள் அடுத்த சந்துப் பையன் ஒருவன் சரக்கு ஏற்றுகிற பேட்டரி ஆட்டோ வாங்கியிருக்கிறான். அரை டன் ஏற்றுகிறான். ராத்திரி வீட்டில் சார்ஜ் போடுகிறான், அது அனல்மின் நிலையத்துக் கரியா, நீரா, காற்றா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பகலில் அவன் வாடிக்கையாகப் போகிற கம்பெனிக்குச் சொந்தக் காற்றாடி இருக்கிறது. அங்கே பேக்கிங் செக்‌ஷன் ஓரத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கொடுத்திருக்கிறார்கள். அங்கே செருகினால் கணக்குப்படி ஆட்டோ ஓடுவது பல்லடத்துக் காற்றில். பேத்தி இதைக் கேட்டதும் துள்ளிவிட்டாள், படிவத்தில் எழுத நல்ல ஒரு வரி கிடைத்ததே என்று. சத்தமில்லாத வண்டி என்பதால் சந்தில் நாய்கள் கூட அதைத் தாமதமாகத்தான் கவனிக்கின்றன.

ஆனால் ஒருநாளைக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். அதற்கு மேல் வண்டி படுத்துவிடும். ஒரு லோடு கூடுதலாக வந்தால் நடுவில் நிறுத்தி ஏற்றவேண்டும். "அதுதானுங்க இதுல ஒரே தொந்தரவு" என்றான். எனக்கு அய்யனின் வண்டி நினைவுக்கு வந்தது. குட்ஷெட்டில் ஆள் எத்தனை கத்தினாலும், தண்ணித் தொட்டியில் வாய் வைத்த செவலை தானாகத் தலையைத் தூக்கும்வரை அய்யன் வண்டி பூட்டமாட்டார். மாடு குடிக்கிற மடக்கை எண்ணிக்கொண்டு பீடி பற்றவைப்பார்.

போன வாரம் அந்தக் கம்பெனி பக்கம் போயிருந்தேன். பிளக்கில் செருகின ஆட்டோ ஓரமாக நின்றது. பையன் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. எதிர்ப்பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது, அர்ஜெண்ட் அர்ஜெண்ட் என்று. அவன் மீட்டரை எட்டிப் பார்த்தான். இருபத்திரண்டு காட்டியது.

"இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, போனைச் சீட்டின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உக்காருங்கய்யா. டீ சொல்லட்டுங்களா?"